ஒற்றியூர்க் கரையில் சில வாணிகச் சொற்கள்

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் சொற்பிறப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். சடையங்குப்பத்திலிருந்து வருபவர். அவருடைய ஆயா வீட்டுத் திண்ணையிலேயே ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அப்பா மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. "ஐயா, எங்க ஆயா கடைக்குச் சரக்கு வாங்கினேன்னு சொல்லுது. அப்பா வேலை செய்யற எடத்துல பர்ச்சேஸ்னு ஒரு டிபார்ட்மெண்ட்டே இருக்குது. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, ஒன்று தமிழ், மற்றொன்று ஆங்கிலம், பொருள் ஒன்றுதான் என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்த விடை எத்தனை சோம்பலானது என்பது உறைத்தது. அந்த மாணவருக்கு நாம் தரவேண்டிய விடை பாக்கியாக நின்றுவிட்டது. இக்கட்டுரை அந்தப் பாக்கியைத் தீர்க்கும் முயற்சி.

சடையங்குப்பம் மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில், கொசத்தலையாற்றின் வெள்ளம் முதலில் வந்து தொடும் தாழ்நிலத்தில் இருக்கிறது. தனி ஊராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட சிற்றூர். ஊர் சிறிதாயினும் அதைச் சுற்றி நடப்பதெல்லாம் பெருவாணிகம். வடகிழக்கே எண்ணூர்த் துறைமுகம். தெற்கே மணலியின் ஆலைகள். கிழக்கே திருவொற்றியூர்ச் சாலையில் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரிசைகட்டி நிற்கும் லாரிகள். கடலோரமாகத் தெற்கு நோக்கிப் போனால் காசிமேடு, ராயபுரம், சென்னைத் துறைமுகம். சரக்கு ஏறி இறங்கிய கரைகளில் சொற்களும் ஏறி இறங்கியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் நம்மவர் பெருமையோடு சொல்லும் ஒரு செய்தியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று மேடைதோறும் கேட்கிறோம். இது பாதி உண்மை. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்னும் ஒலியில் இரண்டு சொற்கள் உண்டு. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; அதன் மூலம் இலத்தீனத்துக் 'காப்சா'. பணம் வைக்கும் பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். இன்னொரு 'கேஷ்' கீழைநாட்டுச் சிறு நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு. தமிழ்க் கரையில் காசு என்று கேட்ட போர்ச்சுக்கீசியர் அதைத் தம் நாவுக்கேற்பக் 'கய்ஷா' ஆக்கினர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். பின்னர் சீன நாட்டின் நடுவில் துளையிட்ட செப்பு நாணயத்தையும் அவர்கள் அதே பெயரால் அழைத்தனர்.

சென்னைக் கும்பினியின் கணக்கேடுகளில் இந்தக் காசுக்கு ஓர் இடம் இருந்தது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாய் கணக்கு நாணயமாகும் வரை இம்முறையே வழங்கியது. பெட்டியிலிருந்து வந்த 'கேஷ்' என்னும் சொல்லும் கடற்கரையிலிருந்து போன 'கேஷ்' என்னும் சொல்லும் ஒரே மொழிக்குள் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. நாம் பெருமை கொள்ள இதுவே போதும். மற்றதையும் சேர்த்து உரிமை கொண்டாட வேண்டியதில்லை.

போன சொல் திரும்பி வந்த கதையும் உண்டு. வடசென்னையில் 'குடோன்' என்னும் சொல்லைக் கேளாமல் ஒருநாள் கழியாது. இதை ஆங்கிலச் சொல் என்றே நினைக்கிறோம். ஆங்கிலத்துக்கு இது போர்ச்சுக்கீசியத்தின் வழியாக மலாய் மொழியின் 'குடாங்' என்பதிலிருந்து வந்தது. மலாய்க்கு எங்கிருந்து போயிற்று என்று தேடிய அகராதியாளர்கள் தெலுங்கின் 'கிடங்கி', தமிழின் 'கிடங்கு' ஆகியவற்றைக் காட்டுகின்றனர். சரக்குக் கிடக்கும் இடம் கிடங்கு. கிடத்தல் என்னும் எளிய வினையில் பிறந்த சொல் கடல் கடந்து, மூன்று மொழிகளின் வாயில் நுழைந்து, அடையாளம் தெரியாத உருவில் மீண்டும் நம் தெருவுக்கே வந்து பெயர்ப்பலகையில் ஏறிக்கொண்டது. வெளிநாடு போய் வந்த உறவினரை நாமே அடையாளம் காணாதது போலத்தான்.

காசிமேட்டில் விடியற்காலையில் ஒலிக்கும் 'ஏலம்' இதற்கு மறுதலையான கதை. தமிழ்ச் சொல் போலவே ஒலித்தாலும் அது போர்ச்சுக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதன் திரிபு. அதற்கும் மூலம் அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல் என்பர். கூவி அறிவித்து விற்பது ஏலம். ஆங்கிலத்தின் 'ஆக்‌ஷன்' என்பதோ பெருகுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது: கேள்வி ஏற ஏற விலை பெருகுகிறது. ஒரே நிகழ்ச்சியில் ஒரு மொழி குரலைக் கேட்டது. இன்னொரு மொழி விலையைப் பார்த்தது. ஏலத்தில் எடுத்த மீனை நம் மகளிர் கூறு கட்டி விற்கின்றனர். கூறு என்றால் பகுதி. ஆங்கிலத்தின் 'ரீடெயில்' என்பதற்கும் வெட்டிப் பிரித்தல் என்பதே வேர்ப்பொருள். மொத்தத்தை வெட்டித் துண்டாக்கி விற்பவர் அங்கும், கூறாக்கி விற்பவர் இங்கும் ஒரே தொழிலை ஒரே வகையாகத்தான் பார்த்திருக்கின்றனர்.

இத்தகைய ஒற்றுமைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயின் நம் மாணவரின் கேள்விக்கு விடை இவற்றைவிட ஆழத்தில் இருக்கிறது. இரு மொழிகளிலும் வாங்கல் விற்றல் பற்றிய பழஞ்சொற்களைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பொருளோ பணமோ தெரிவதைவிட எதிரெதிரே நிற்கும் இரண்டு மனிதர்களே தெரிகின்றனர்.

'செல்' என்னும் ஆங்கில வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் கொடுத்தல், கையளித்தல் என்பதே பொருள். அதன் உறவுச் சொல் பழங்கோதிய மொழியில் தெய்வத்துக்குப் படைத்தலைக் குறித்தது. 'பே' என்பது அமைதியைக் குறிக்கும் இலத்தீன் 'பாக்ஸ்' என்பதன் வழிவந்தது. பணம் செலுத்துதல் என்பது கொடுக்க வேண்டியவரின் மனத்தை ஆற்றுதல். நாமும் கடனைத் 'தீர்க்கிறோம்'. பசியையும் தாகத்தையும் பகையையும் தீர்ப்பது போல. 'பிரைஸ்' என்னும் விலையும் 'பிரெய்ஸ்' என்னும் புகழும் ஒரே இலத்தீன் வேரின் கிளைகள். நம் 'மதிப்பு' என்னும் சொல் விலைமதிப்பையும் மனிதருக்குத் தரும் மதிப்பையும் ஒருசேரக் குறிப்பதை நினைத்துக்கொள்க. 'கஸ்டமர்' என்பவர் வழக்கமாக வருபவர். வழக்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்' என்பதிலிருந்து பிறந்த பெயர். நம் 'வாடிக்கையாளர்' என்பதும் அச்சொட்டாக அதே கருத்தில் அமைந்தது. முகம் தெரிந்தவரே வாடிக்கையாளர்.

தமிழ் இதில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் 'ஈ' என்பார். ஒத்தவர் 'தா' என்பார். உயர்ந்தவர் 'கொடு' என்பார். அந்த உயர்வு தாழ்வை நாம் இன்று ஏற்கப் போவதில்லை. ஆனால் கேட்கும் சொல்லிலேயே கேட்பவருக்கும் தருபவருக்கும் உள்ள உறவு தெரிந்துவிட வேண்டும் என்று இம்மொழி எண்ணியிருக்கிறது என்பது கருதத்தக்கது. பழந்தமிழில் வாங்குவதற்குரிய பெருவழக்கான வினை 'கொள்'. கொள்முதல் என்பதில் அது இன்றும் வாழ்கிறது. பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் உறவைக் கொள்வினை கொடுப்பினை என்கிறோம். சந்தைக்குரிய வினைகளே சம்பந்தத்துக்கும் உரியவை. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாணிகம் செய்தவர்களைப் பட்டினப்பாலை போற்றுவதும், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் அதனை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததும் இவ்வுறவை மனத்தில் கொண்டுதான்.

வட்டியும் முதலும்கூட இவ்வாறே. ஆங்கிலத்தின் 'இன்ட்ரஸ்ட்' என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள் 'இடையில் இருத்தல்'. கொடுத்தவருக்கும் கொண்டவருக்கும் இடையில் இருப்பது அது. 'காப்பிட்டல்' என்னும் முதல், தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்' அதன் உடன்பிறப்பு. தமிழிலும் மாடு என்றால் செல்வம். கல்வியைப் பேசும் குறளில் வள்ளுவர் அப்பொருளில் ஆண்டிருக்கிறார். திருவொற்றியூர் உள்ளிட்ட கோயில்களின் சோழர்காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கெரிக்க ஆடுகளைக் கொடையாக விட்ட செய்திகள் வருகின்றன. பெரும்பாலும் விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு ஆடுகள். 'சாவா மூவாப் பேராடு' என்பது கல்வெட்டுத் தொடர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். நெய் வந்துகொண்டிருக்கும், முதல் அழியாது. காப்பிட்டல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நாம் வேறெங்கும் கண்டதில்லை. அந்த முதலைக் காத்தவர் ஓர் இடையர். நெய் அளக்கும் கடமை அவர்மேல் இருந்ததும் கல்லில் பதிவாயிற்று.

பிறகு எங்கோ ஓரிடத்தில் இந்த மனிதர் சொல்லிலிருந்து மறையத் தொடங்கினார். அந்த இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. திருவொற்றியூரை ஒட்டிய காலாடிப்பேட்டையைத்தான் சொல்கிறோம். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பவரின் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை அது. காலெட் பேட்டை என்பது மக்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆயிற்று. காலாடி என்றால் ஊர்சுற்றி. தறிக்குழியைவிட்டு நகர முடியாத மக்கள் வாழ்ந்த இடத்துக்கு அப்படி ஒரு பெயர் அமைந்தது.

1639-இல் கும்பினியார் இக்கரையில் இடம் பெற்றதே துணிக்காகத்தான். ஆண்டுதோறும் கப்பலேற்றுவதற்காகத் தாம் வாங்கும் சரக்கு முழுவதையும் கும்பினி ஏடுகள் 'இன்வெஸ்ட்மெண்ட்' என்று எழுதின. அச்சொல்லின் வேர் உடுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் சொல். பணத்துக்கு வேறோர் உடை உடுத்துதல் என்னும் கருத்தில் இத்தாலிய வணிகர் அதனை ஆண்டனர். ஆங்கிலத்தில் அந்த வாணிகப் பொருள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீழைநாட்டு வாணிகத்தை ஒட்டியே முதலில் தென்படுகிறது. துணி வாங்குவதற்குத் துணியின் வேரிலிருந்தே ஒரு சொல்! ஆனால் அந்தச் சொல்லுக்குள் உடுப்பது பணம். நெய்தவருக்கு அங்கே இடமில்லை. வணிகர் வழியாக முன்பணம் தரப்படும். குறித்த நாளில் துணி வர வேண்டும். தரம் பிரிக்கும்போது கழிக்கப்பட்டால் இழப்பு வேறொருவர் தலையில் விழும். கொள்வோரும் கொடுப்போருமாக இருவர் நின்ற இடத்தில் ஒரு தொகை மட்டும் நின்றது. இன்று முதலீட்டாளர் மாநாடுகளில் அச்சொல்லை எத்தனையோ முறை கேட்கிறோம். அதன் பழைய தறியோசையை ஒருமுறை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

அதன்பின் வந்த சொற்கள் பெரும்பாலும் இவ்வழியிலேயே நடந்தன. முகம் தெரிந்த 'கஸ்டமர்' போய், முகமற்ற 'கன்ஸ்யூமர்' வந்தார். அச்சொல்லின் வேர்ப்பொருள் முற்றாக எடுத்துத் தீர்ப்பவர், அழிப்பவர். உடலை உருக்கும் காசநோய்க்கும் ஆங்கிலத்தில் முன்னர் 'கன்சம்ப்ஷன்' என்றே பெயர். 1986-இல் சட்டம் வந்தபோது தமிழில் நாம் 'நுகர்வோர்' என்றோம். 2019-இல் புதிய சட்டம் வந்தபோதும் அப்பெயரே நிலைத்தது. நுகர்தல் துய்த்தலாதலால் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லைவிடக் கனிவானது. சட்டம் தரும் பாதுகாப்பும் வேண்டியதே. ஆயினும் வாடிக்கையாளர் என்பதில் எதிரே ஒரு கடைக்காரர் இருந்தார். நுகர்வோர் என்பதில் ஒருவரே இருக்கிறார்.

'ஃபைனான்ஸ்' என்னும் சொல்லின் கதி இன்னும் வேடிக்கை. முடிவைக் குறிக்கும் 'ஃபின்' என்பதிலிருந்து வந்தது அது. கடனை முடித்து வைத்தலே அதன் முதற்பொருள். வடசென்னையில் தண்டல் கட்டிக் களைத்த எந்தப் பெண்ணிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். முடியாதது எதுவோ அதற்கே முடிவு என்று பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேட்பார்.

சடையங்குப்பத்துக்கே திரும்புவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தபோது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. அதையடுத்த வாரங்களில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் இழப்பீடு. ஆங்கிலத்தில் 'காம்பன்சேஷன்', ஒன்றோடு ஒன்றை வைத்து நிறுத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழின் 'ஈடு' என்பதும் ஒப்பு என்னும் பொருளதே. இரண்டு மொழிகளும் ஒரு தராசைத்தான் காட்டுகின்றன. ஒரு தட்டில் பணம் வைக்கலாம். மறுதட்டில் எதை வைப்பது, யார் வைப்பது என்பதே கேள்வி. படகு என்றால் எண்ணலாம். வலை என்றால் அளக்கலாம். படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள் அந்தத் தட்டில் எதைக் கொண்டுவந்து வைப்பர்? தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு என்பதைச் சொல் மறக்கவில்லை. சொல்லை ஆளும் நாம்தான் மறந்துவிடுகிறோம்.

இப்போது மாணவரின் கேள்விக்கு வரலாம். 'பர்ச்சேஸ்' என்பது பழைய பிரெஞ்சில் விரட்டித் தேடி அடைதல். வேட்டையில் துரத்துதலைக் குறிக்கும் 'சேஸ்' அதற்குள் அப்படியே இருக்கிறது. எங்கே விலை குறைவோ அங்கே துரத்திப் போய்ப் பிடிப்பது. ஓர் ஆலையின் கொள்முதல் பிரிவுக்கு அது பொருத்தமான பெயரே. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. 'வாங்கு' என்பதன் பழம்பொருள் வளைதல், வளைத்தல், இழுத்தல். வில்லை வாங்கினான் என்றால் வளைத்தான் என்பது பொருள். பின்னர்ப் பெறுதல் என்னும் பொருள் வந்தது. கடையில் அரிசி வாங்குகிறோம். அம்மா கையால் சோறு வாங்குகிறோம். ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறோம். ஊரில் நல்ல பெயர் வாங்குகிறோம். இவை எல்லாவற்றுக்கும் தமிழ் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறது. எதை வாங்கினாலும் தருவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். ஆகவே, தம்பி, இரண்டும் ஒன்றல்ல. உன் அப்பா பார்க்கும் பிரிவு தேடிப் பிடிக்கிறது. உன் ஆயா ஒருவர் கையிலிருந்து பெறுகிறார். அவருடைய கடையில் தொங்கும் பாக்கி நோட்டில் பொருளின் பெயர் சில இடங்களில் விடுபட்டிருக்கலாம். ஆளின் பெயர் விடுபட்டிருக்காது.

இறுதியாக ஊர்ப்பெயர் பற்றி ஒரு சொல். ஒற்றி என்றால் அடைமானம். தென்மாவட்டங்களில் இன்றும் வீட்டையும் நிலத்தையும் 'ஒத்தி'க்கு வைக்கின்றனர். சென்னையில் அதே வழக்கத்தைப் போக்கியம் என்றோ லீஸ் என்றோ சொல்கிறோம். ஒற்றியூர் என்னும் பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டாயினும், ஊரை ஒற்றி வைத்த இறைவன் என்று வள்ளலார் சிலேடை ஆடியிருக்கிறார். ஆங்கிலத்தின் 'மார்ட்கேஜ்' என்பதற்கு வேர்ப்பொருள் 'இறந்த அடகு'. நம் ஒற்றி இறந்ததன்று. பணத்தைத் திருப்பினால் மீட்கலாம் என்பதே அதன் உயிர். வாணிகக் குடியில் பிறந்து எல்லாவற்றையும் விட்டு வந்த பட்டினத்தார் சமாதி கொண்டதும் இந்தக் கரையில்தான்.

சடையங்குப்பத்தின் நிலத்தையும் ஆற்றையும் கழிமுகத்தையும் நாம் ஏதேதோ விலைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அவற்றை விற்றுவிட்டோம் என்று பேசாமல், ஒற்றி வைத்திருக்கிறோம் என்று பேசுவோமாயின், மீட்க வேண்டிய பொறுப்பும் அச்சொல்லோடு சேர்ந்தே நம்மிடம் இருக்கும். வரும் வாரம் அந்த மாணவர் வகுப்புக்கு வரும்போது இதைத்தான் அவரிடம் சொல்வதாக இருக்கிறோம். அவருடைய ஆயாவிடமிருந்து நாம் அறியாத இன்னும் சில கடைச் சொற்களைக் கேட்டு வரச் சொல்லவும் எண்ணம்.